மிளகுத்தண்ணியில் தொடங்கும் விருந்து: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

‘டின்னர் ஃபார் ஒன்’ என்ற ஓரங்க நகைச்சுவை நாடகத்தின் மேடை வரலாற்றைத் தொகுக்கவும், அதை மேடையேற்றவும் உதவிய எல்லோருக்கும் எங்கள் குழுவின் மனமார்ந்த நன்றி.

பழைய விவரங்களைத் தேடித் தந்தவர்களை முதலில் சொல்ல வேண்டும். லாரி வைலி எழுதிய இந்த நாடகம் 1948-இல் லண்டன் டியூக் ஆஃப் யார்க்ஸ் அரங்கில் ஏறியது. 1953-இல் நியூயார்க்கின் நாடக வீதியான பிராட்வேயைப் பார்த்தது. ஆனால் அது வேர் பிடித்தது ஜெர்மனியில்தான். இங்கிலாந்தின் பிளாக்பூலில் ஃபிரெடி ஃப்ரிண்டனும் மே வார்டனும் நடித்ததைக் கண்ட ஜெர்மன் தொலைக்காட்சிக் கலைஞர் பீட்டர் ஃபிராங்கன்ஃபெல்ட், இருவரையும் ஹாம்பர்க்குக்கு வரவழைத்தார். 1963-இல் பெசன்பிண்டர்ஹோஃப் அரங்கில் பார்வையாளர்கள் முன்னிலையில் தொலைக்காட்சிக்காகப் பதிவான அந்த 18 நிமிட நாடகம், இன்றும் டிசம்பர் 31 தோறும் ஜெர்மன் வீடுகளில் ஓடுகிறது. நார்வேயில் டிசம்பர் 23. சுவீடனில், நாடகத்தில் குடிக்கும் காட்சி அதிகம் என்று முதலில் ஒதுக்கிவைத்திருந்தார்கள். பிறந்த மண்ணான பிரிட்டனில் தொலைக்காட்சிக்கு வந்ததோ 2018-இல்தான்.

ஹாம்பர்க் பதிவில் நாடகம் ஆங்கிலத்திலேயே நடக்கிறது. தொடங்கும் முன் அறிவிப்பாளர் ஹைன்ஸ் பைப்பர் ஜெர்மனில் கதையைச் சொல்லி, ‘போன ஆண்டு செய்த மாதிரியேதானே?’ என்று திரும்பத் திரும்ப வரும் ஒற்றை வசனத்தின் பொருளையும் விளக்கிவிடுகிறார். அந்த முன்னுரையை வரிவரியாக மொழிபெயர்த்துத் தந்த அன்பருக்குத் தனி நன்றி. வேற்று மொழிக்காரர்களுக்கு நாடகம் போடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்: எல்லா வசனமும் புரியத் தேவையில்லை, மீண்டும் வரும் வசனம் புரிந்தால் போதும்.

இனி மேடைப் பொருள்கள். 90-ஆம் பிறந்தநாள் கொண்டாடும் மிஸ் சோஃபியின் நான்கு நண்பர்களும் உயிரோடு இல்லை. அவர்கள் வந்திருப்பதாகவே பாவித்து, நால்வருக்காகவும் பட்லர் (வீட்டுப் பணியாளர்) ஜேம்ஸ் குடிக்கிறார். ஒவ்வொரு உணவுக்கும் ஒரு மது: சூப்புக்கு ஷெர்ரி, மீனுக்கு வெள்ளை ஒயின், கோழிக்கு ஷாம்பேன், பழத்துக்கு போர்ட். ஆக 16 கோப்பை. கோப்பைக்கு 60 மில்லி ஊற்றினால் ஒரு லிட்டரை நெருங்கிவிடும்; வயிறு முட்டி, வசனம் குழறாமல் நின்றே போகும். 25 மில்லி போதும், மொத்தம் 400 என்று கணக்குச் சொன்னவர் நாடகத்தையே காப்பாற்றினார். மதுவுக்குப் பதிலாக, ஷெர்ரிக்கு ஆறிய தேநீர், வெள்ளை ஒயினுக்குத் தண்ணீர் கலந்த ஆப்பிள் சாறு, போர்ட்டுக்குத் திராட்சைச் சாறு. ஷாம்பேனுக்கும் சோடா கூடாது. ஏப்பம் வந்து அடுத்த வசனத்தைக் கெடுக்கும். அதே ஆப்பிள் சாற்றை இன்னும் நீர்க்க ஊற்றினால் போதும்.

மேடைத் தரையில் கிடக்கும், தலையோடு கூடிய புலித்தோலைச் செய்து தந்த தச்சருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஜேம்ஸ் அதன் தலையில் தடுக்கித் தடுக்கியே நடக்கிறார். பிறகு ஒருமுறை தடுக்காமல் கடந்துவிட்டு, அவரே திகைத்து நிற்கிறார். அரங்கமே அதிரும் இடம் அது. தலை ஒரு சாண் நகர்ந்திருந்தாலும் கால் படாது, சிரிப்பும் வராது. தோல் வழுக்கினால் நடிகர் நிஜமாகவே விழுவார். அதனால் தலைக்குள் மரக்கட்டை வைத்துப் பலகைத் தரையோடு திருகாணியால் முடுக்கி, தோலின் விளிம்பு முழுவதும் இருபக்கப் பசை நாடா ஒட்டித் தந்தார். பக்கமேசைக்கும் விருந்து மேசைக்கும் நடுவே, நேர்கோட்டில்.

முதலில் பரிமாறும் ‘மல்லிகட்டானி’ சூப் நம்முடைய மிளகுத்தண்ணிதான். காட்சிதோறும் ஆவி பறக்க அதைக் கொண்டுவந்து வைத்த சமையல் நண்பர்களுக்கும் நன்றி. அளவுப் பட்டியலும் மேடை வரைபடமும் வேண்டுவோர் எங்களிடம் கேட்டுப் பெறலாம்.

இப்படிக்கு,
நாடகக் குழுவினர்