கல்லடி மெயின் றோட்டுக்கு நிழல் கேட்டு ஒரு மடல்

வீதிக்கும் ஊருக்கும் பொறுப்பான பெரியோர்களுக்கு,

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தால் இறங்கி, காத்தான்குடி, ஆரையம்பதி தாண்டிக் கல்முனைக்குப் போகிற றோட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் வரைபடத்தில் அது ஏ4, கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில் என்று சுற்றி வருவது. எங்களுக்கோ சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிற தெரு. கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவிக்குக் கிழக்கே கிடக்கும் எழுவான்கரையின் இந்த ஒடுங்கிய மணலில் இன்னொரு பெருவீதி போட இடம் ஏது? புகையிரதமும் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. தமிழறிஞர் சுவாமி விபுலானந்தர் பிறந்த காரைதீவும் அவர் சமாதி இருக்கும் கல்லடியும் இதே றோட்டில்தான்.

கல்லடியின் பழைய பாலமான, 1924இல் வந்த லேடி மன்னிங் பாலத்தில் ஒரு பக்க வாகனம் வந்தால் மறுபக்கம் காத்து நிற்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் பஸ்ஸுக்குள் ஊர்க்கதை பாதி முடிந்துவிடும். 2013இல் ஜப்பான் உதவியோடு பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தார்கள். காத்திருப்பு ஒழிந்தது, நன்றி, மனதாரத்தான் சொல்கிறேன்.

ஆனால் றோட்டு அகல அகல நிழல் ஒழிந்துவிட்டது. பங்குனி வெயிலில் ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பாருங்கள், பிள்ளைகள் புத்தகப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு மின்கம்பத்தின் நிழலில் வரிசையாக நிற்கிறார்கள். கம்பத்து நிழல் எத்தனை பிள்ளைக்குக் காணும்?

காத்தான்குடியில் நடுவே நிற்கும் பேரீச்சைகள் அழகுதான். குலை தள்ளும் காலத்தில் வெளியூர்க்காரர் வாகனத்தை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். அவை அப்படியே நிற்கட்டும். ஆனால் பேரீச்சை நிழலில் கோழிகூட ஒதுங்காது.

நாங்கள் கேட்பது வேம்பும் பூவரசும். இரண்டும் நம் மணலுக்குப் பழகியவை. எல்லா இடத்திலும் வேண்டாம், பஸ் தரிப்பிடங்களிலும் பள்ளிக்கூட வாசல்களிலும் முதலில் வையுங்கள். பின்னேர வெயில் வாவிப் பக்கமிருந்து வருகிறது; மரமும் அந்தப் பக்கம் நின்றால்தான் பிரயோசனம். மின்கம்பி ஓடாத இடமாகப் பார்த்து வைத்தால் பிறகு கிளை வெட்ட ஆள் அனுப்பும் செலவும் மிச்சம்.

கன்றுக்கு மாடு வாய் வைக்காதபடி ஒரு கூடு அடித்துத் தாருங்கள். தண்ணீரை வாசல் வீட்டுக்காரர் நாங்கள் ஊற்றுகிறோம். ஐப்பசியில் மாரி தொடங்கிவிடும், அதற்குள் குழி வெட்ட ஒரு நாள் குறித்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கல்லடியில் இன்னமும் சைக்கிளில் போய் வரும் ஒருவன்