குளியலறை வேலை: நீங்கள் அனுப்பிய கான்ட்ராக்டர் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்
பொருள்: முதல் மாடிக் குளியலறையை இடித்துக் கட்டியதில் குறைபாடு, நீர்க்கசிவு

ஐயா,

மேஸ்திரி கிடைக்காமல் நான் உங்களிடம் வரவில்லை. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள். முன்பு செய்த வேலைகளை நேரில் பார்த்த பிறகே ஆளை அனுப்புவோம் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான், அதற்கென்றே தனியாக 6,500 ரூபாய் கட்டினேன்.

அளவெடுக்க ஒருவர் வந்தார். கொட்டேஷனில் கையெழுத்துப் போட்டவர் வேறு. வேலைக்கு வந்ததோ மூன்றாவது ஆள். சதுர அடிக் கணக்கில் சப்-கான்ட்ராக்ட் எடுத்தவராம். நீங்கள் சரிபார்த்தது இவர்களில் யாரை?

வாட்டர்ப்ரூஃபிங் இரண்டு கோட், பிறகு 48 மணி நேரம் தண்ணீர் கட்டிச் சோதனை என்று கொட்டேஷனில் இருக்கிறது. காலையில் ஒரே ஒரு கோட் அடித்தார்கள். அது காய்ந்ததோ இல்லையோ, சாயங்காலமே குளியலறைத் தரைக்கு அடியில் இருக்கும் பள்ளத்தை மூடிவிட்டார்கள். அதுவும் இடித்துப் போட்ட பழைய டைல்ஸையும் காரைக் கட்டிகளையும் கொட்டி! சோதனை எங்கே என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம் சார், நான் கேரண்டி" என்றார். இப்போது போனை எடுப்பதில்லை.

வாட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பேரனின் கோலிக்குண்டைத் தரையில் வைத்தேன். அது தண்ணீர் வடியும் டிராப் பக்கம் போகாமல் நேராக வாசற்படிக்கு உருண்டு வந்தது. குளிக்கும் தண்ணீருக்கும் அதே வழிதான். தினமும் வைப்பரால் தள்ளிவிட்டுத்தான் என் மனைவி வெளியே வருகிறார். சுவர் டைல்ஸை நாணயத்தால் தட்டினால் பாதிக்கு மேல் 'டொக் டொக்' என்கிறது. முழுக்கக் கலவை தடவாமல் நாலு மூலையிலும் நடுவிலும் அப்பி ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாவது வாரத்தில் கீழ்வீட்டுச் சீலிங்கில் ஓதம் இறங்கி, பெயின்ட் கொப்பளித்துவிட்டது. குடியிருப்பவர் முகத்தில் விழிக்கக் கூசுகிறது.

போன வாரம் உங்கள் அலுவலகத்தில், "நாங்கள் அறிமுகம் செய்து வைப்பதோடு சரி" என்றார்கள். பில் உங்கள் பெயரில் இருக்கிறது. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 1,86,000 ரூபாயும் உங்கள் கணக்குக்குத்தான் வந்தது. கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு தருகிறேன் என்று 10 சதவீதத்தை நிறுத்தி வைக்கப் பார்த்தேன். சிஸ்டத்தில் அதற்கு வழியில்லை என்று வாங்கிக்கொண்டதும் நீங்களே. பிறகு எப்படி வெறும் அறிமுகம்?

தரையையும் டொக்கு விழுந்த டைல்ஸையும் பெயர்த்து, உள்ளே கொட்டிய குப்பையை அள்ளி, வாட்டர்ப்ரூஃபிங்கைப் புதிதாகச் செய்துதர வேண்டும். என் கண்ணெதிரே இரண்டு நாள் தண்ணீர் கட்டி, கீழே கசியவில்லை என்று பார்த்த பிறகே மூட வேண்டும். கீழ்வீட்டுச் சீலிங் பெயின்ட் செலவும் உங்களுடையது. முடியாதென்றால் முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள்.

15 நாளில் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

இணைப்பு: கொட்டேஷன், பில், பள்ளத்தை மூடும்போது எடுத்த படங்கள், கோலி உருளும் வீடியோ.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்