நசுங்கிய விரலும் சாக்கிள் பின்னும்

தருமபுரி,
செவ்வாய்க்கிழமை காலை

அன்பு மாப்ளைக்கு,

நேற்று ராத்திரி நீ போனில் சொன்னதில் பாதி வண்டிச் சத்தத்தில் போய்விட்டது. இடது கை ஆள்காட்டி விரல், வண்டியின் பின்பக்கக் கமான் பட்டையைச் சேஸோடு இணைக்கிற சாக்கிளில் மாட்டியது, நகம் கறுத்துவிட்டது, விண்விண் என்று தெறிக்கிறது. இவ்வளவுதான் என் காதில் விழுந்தது. போனில் சொன்னால் உனக்கும் மறந்துபோகும், பட்டறைப் பையன்களுக்கும் போய்ச் சேராது. அதனால் எழுதி, புளி லோடோடு அந்தப் பக்கம் வருகிற பையனிடம் கொடுத்தனுப்புகிறேன். 2004-இல் ஜில்லா இரண்டாகப் பிரிந்து உன் கிருஷ்ணகிரி தனியாகப் போனாலும் நமக்கு நடுவில் ஐம்பது கிலோமீட்டர்தானே, மதியத்துக்குள் உன் கைக்கு வந்துவிடும். முதல் பக்கத்தைப் படித்ததும் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போ. மீதியைத் திரும்பி வந்து படித்துக்கொள்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நகத்துக்கும் அதற்கு அடியில் உள்ள சதைக்கும் நடுவில் ரத்தம் தேங்கி நிற்கிறது. மேலே நகம் கெட்டி, கீழே எலும்பு கெட்டி, ரத்தத்துக்குப் போக வழியில்லை. அந்த அழுத்தம்தான் நாடி துடிக்கிறபோதெல்லாம் தெறிக்கிறது. நகத்தில் சின்னத் துளை போட்டு டாக்டர் அந்த ரத்தத்தை வெளியே விட்டால் அப்போதே வலி பாதிக்கு மேல் இறங்கிவிடும். ஆனால் ஒன்று இரண்டு நாளுக்குள் போனால்தான் பலன். அதற்குப் பிறகு ரத்தம் உறைந்துவிடும், துளை போட்டாலும் வராது. குண்டூசியைப் பழுக்கக் காய்ச்சி நீயே குத்திப் பார்க்காதே. அடியில் எலும்பு உடைந்திருந்தால் பட்டறை அழுக்கை நேரே எலும்புக்குள் அனுப்பிய மாதிரி ஆகிவிடும்.

எக்ஸ்ரே வேண்டுமா என்று யோசிக்கவே வேண்டாம். சம்மட்டி அடியோ சாக்கிள் கடியோ, நகம் இந்த அளவுக்குக் கறுத்தால் நுனி எலும்பில் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம். போவதற்கு முன் மூன்று விஷயம் பார்த்துக்கொள், டாக்டர் கேட்பார். நகம் அடிவேரிலிருந்து பெயர்ந்து மேலே வந்திருக்கிறதா? விரல் நுனியைப் பஞ்சால் தொட்டால் உணர்ச்சி இருக்கிறதா? நடு எலும்பை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு கடைசிக் கணுவை மட்டும் மடக்கி நிமிர்த்த வருகிறதா? நுனி தொங்கிப்போய்த் தானாக நிமிரவில்லை என்றால் நிமிர்த்துகிற தசைநாண் அறுந்திருக்கிறது. அதற்குக் கட்டையை வைத்து நேராகக் கட்டி ஆறிலிருந்து எட்டு வாரம் விடாமல் வைத்திருக்க வேண்டும். குளிக்கிறபோது அவிழ்த்து ஒரு தடவை மடங்கிவிட்டால்கூட முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டியதுதான். வெறும் நுனி எலும்பு விரிசல் என்றால் இரண்டு மூன்று வாரக் கட்டு போதும். அதுவும் கடைசிக் கணுவுக்கு மட்டும். நடுக்கணுவைச் சேர்த்துக் கட்டினால் அது இறுகிப்போய், பிறகு பானாவைச் சுற்றி விரல் மடங்காது.

செப்பு மோதிரத்தைக் கழற்றிவிட்டாயா? இல்லையென்றால் இந்த வரியைப் படித்ததும் கழற்று. வீக்கம் ஏற ஏற மோதிரம் விரலைச் சுருக்குக் கயிறு போல இறுக்கும். சோப்பு நுரை போட்டும் வரவில்லையானால் நல்ல நூலை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மோதிரத்தை ஒட்டினாற்போல் தொடங்கி நடுக்கணுவைத் தாண்டும்வரை இடைவெளியில்லாமல் இறுக்கிச் சுற்று. பிறகு உள்ளங்கைப் பக்கத்து நுனியைப் பிடித்து அவிழ்த்துக்கொண்டே வந்தால் மோதிரம் நூலின் மேல் ஏறி வெளியே வரும். அதிலும் வராவிட்டால் வெட்டி எடுக்கச் சொல். பத்து ரூபாய் செம்புக்காக விரலை விடாதே.

தோல் கிழிந்திருந்தால் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு அஞ்சு நிமிஷமாவது நன்றாகக் கழுவியிருக்க வேண்டும். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிஷம் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடித்தால் ரத்தம் நிற்கும். நம் பட்டறைகளில் காயத்துக்கு டீசல் ஊற்றுவதும் கிரீஸ் தடவுவதும் காபித்தூள் அப்புவதும் சுண்ணாம்பு வைப்பதும் இன்னும் ஓயவில்லை. அத்தனையும் டாக்டர் சுரண்டி எடுக்க வேண்டிய அழுக்குத்தான், கண்டிப்பாக நிறுத்து. ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை. துரு குத்தினால்தான் அது வரும் என்று சொல்வது தப்பு. அந்தக் கிருமி மண்ணிலும் சாணியிலும் இருக்கிறது, கமான் கட்டில் ஒட்டியிருப்பதெல்லாம் ரோட்டு மண்தான். அழுக்குக் காயம் என்றால், கடைசி ஊசி போட்டு ஐந்து வருஷம் ஆகியிருந்தால் மறுபடி போட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் போடுவார்கள்.

இனி ராத்திரி வலி. கையைத் தொங்கவிட்டால்தான் தெறிக்கும். இரண்டு தலையணை அடுக்கி, கை நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி படு. பகலில் துண்டைக் கழுத்தில் கட்டித் தூக்கி வைத்துக்கொள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிஷம், நாளுக்கு நாலைந்து தடவை, முதல் இரண்டு நாள் மட்டும். ஐஸை நேரே தோலில் வைக்காதே. எண்ணெய் தேய்த்து உருவிவிட ஆள் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடு. மாத்திரை டாக்டர் எழுதியதைப் போடு. பாராசிட்டமால் 500 என்றால் ஒன்றோ இரண்டோ, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டக் கூடாது. கள்ளோ பிராந்தியோ பக்கத்திலேயே வரக் கூடாது, மாத்திரையோடு சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும். மருந்துக் கடையில் நின்று வலி ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாம், உனக்கு வயிற்றுப் புண் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை ஒரு வேளைகூட விட்டுவிடாதே. சர்க்கரை ஏறிக் கிடந்தால் இந்தக் காயம் இரண்டு மடங்கு நாள் இழுக்கும்.

கட்டுப் போட்டபின் நுனிச் சதையை ஒரு தரம் அழுத்திக் கையை எடு. வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். நேரமானாலோ, நுனி நீலமாகிச் சில்லிட்டாலோ கட்டு இறுக்கம், உடனே தளர்த்து. மூன்றாம் நாளுக்குமேல் வலி குறையாமல் கூடினால் சீழ் கோக்கிறது என்று பொருள். விரல் முழுக்க ஒரே அளவாக வீங்கி, லேசாக மடங்கியே நின்று, உள்ளங்கைப் பக்கம் நெடுக அழுத்தினால் வலித்து, நிமிர்த்தினால் உயிர் போனால், காலை வரைக்கும் காத்திராமல் அந்த ராத்திரியே கிளம்பு. தசைநாண் ஓடுகிற உறைக்குள் சீழ் ஏறிவிட்டால் ஒரே நாளில் விரல் வேலைக்கு ஆகாமல் போகும்.

விரல் மாட்டிய விதத்தை நீ சொல்லாமலே தெரிந்துகொண்டேன். சேஸைத் தூக்கி நிறுத்தியிருப்பாய், கமான் தொங்கியிருக்கும், சாக்கிள் துளையும் கமான் கண்ணும் நூலளவு தள்ளி நின்றிருக்கும். எவ்வளவு தள்ளி என்று விரலை விட்டுப் பார்த்திருப்பாய். அந்த நேரம் பார்த்து ஜாக்கி சட்டென்று கொஞ்சம் இறங்கியிருக்கும். இரண்டு துளையும் கத்தரிக்கோலின் இரண்டு அலகு மாதிரி. பழைய வண்டியில் இன்னும் மோசம். புஷ் தேய்ந்து, பின் துருப்பிடித்து இறுகிக் கிடப்பதால் மெதுவாக நகராது, நகராமலே நின்று ஒரே குதியாய்க் குதிக்கும். புதுக் கமான் மெல்ல வழுக்குகிற இடத்தில் பழையது பாய்ந்துவிடும்.

இதற்கு ஒரே வழிதான்: துளைக்குள் போவது இரும்பாக இருக்க வேண்டும். பழைய சாக்கிள் பின் ஒன்றை எடுத்து, முனையிலிருந்து மூன்று அங்குலத்துக்கு கிரைண்டரில் கூம்பாகத் தேய்த்துக்கொள். இதுதான் டம்மி பின். டார்ச் அடித்துத் துளையைப் பார், டம்மியின் கூர்முனையை விடு, பித்தளைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டு. கூம்பே இரண்டு துளையையும் இழுத்து ஒன்றாக்கும். பிறகு அதே பக்கத்திலிருந்து நல்ல பின்னில் கிரீஸ் தடவி அடித்தால் டம்மி தானாக வெளியே தள்ளப்படும். பின்னைக் கையால் பிடித்துக்கொண்டு அடிக்காதே. பழைய டியூபில் இரண்டு அங்குல அகலத்துக்குப் பட்டை வெட்டிச் சுற்றிப் பிடி, தவறி அடித்தாலும் விரல் ஒரு சாண் தள்ளி இருக்கும். பின்னை அடித்துத் தள்ளுகிற இரும்புப் பஞ்ச் கம்பியின் தலை விரிந்து பூப்போல் ஆகியிருந்தால் முதலில் அதை கிரைண்டரில் வட்டமாக்கு. அந்த விளிம்பிலிருந்து தெறிக்கிற இரும்புச் சில்லு தோலுக்குள் போய்விட்டால் வெளியே தெரியாது.

ஜாக்கி விஷயம். சேஸ் ஜாக்கியின் மேல் நிற்கவே கூடாது, ஸ்டாண்டிலோ குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கட்டையிலோதான் உட்கார வேண்டும். துளையைச் சேர்க்க ஆக்சிலுக்கு அடியில் இரண்டாவது ஜாக்கி வைத்து நூல் நூலாக ஏற்று. ஜாக்கிக் கைப்பிடியைத் தொடுகிறவன் ஒருவன்தான், அவனுக்குச் சொல்கிறவனும் ஒருவன்தான். “இறக்கட்டுமா” என்று அவன் கேட்டு, “கை வெளியே” என்று நீ பதில் சொன்ன பிறகே அவன் கை அசைய வேண்டும். மாங்காய் சீசன் நெருங்குகிறது, கூழ் ஆலை லோடுக்கு வண்டி வேண்டும் என்று ஓனர் அவசரப்படுத்துவார், தெரியும். அந்த அவசரத்தில்தான் இந்தக் கேள்வி பதில் விட்டுப்போகிறது.

கியர் பாக்ஸ் ஏற்றும்போதும் இதே கதை. பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் விரலை விட்டு ஷாஃப்ட் உட்கார்ந்ததா என்று தடவிப் பார்ப்பார்கள். அதே மரை உள்ள இரண்டு நீள போல்ட்டின் தலையை வெட்டி, எதிரெதிர் துளையில் முடுக்கி வை. பாக்ஸ் அதன் மேல் வழுக்கிக்கொண்டு நேராகப் போகும், கை உள்ளே போக வேண்டிய தேவையே வராது. வீல் நட்டுக்கும் ஒன்று சொல்கிறேன்: பழைய வண்டிகள் பலவற்றில் இடது பக்க நட்டு இடது மரை, வலப்பக்கமாகச் சுற்றினால்தான் கழலும். தெரியாமல் எதிர்த்துச் சுற்றி, பானா நழுவி, விரல் முட்டி டிரம்மில் போய் அடிக்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் கிரீஸ் கன் மேல்தான். பழைய சாக்கிளில் நிப்பிள் அடைத்துக் கிடக்கும். கிரீஸ் ஏறவில்லையென்று முனையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு பம்ப் அடிப்பார்கள். ஹோஸில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் போதும், கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே பாயும். வெளியே பார்த்தால் எறும்பு கடித்த அளவுப் புள்ளி. அப்போது வலியும் அதிகம் இருக்காது, துடைத்துவிட்டு வேலையைப் பார்ப்பான். சில மணி நேரத்தில் விரல் வீங்கி, வெளுத்து, தாங்க முடியாத வலி வரும். உள்ளே கிரீஸ் தசைநாண் வழியாக உள்ளங்கைவரை போயிருக்கும். ஆறு மணி நேரத்துக்குள் அறுத்துக் கழுவினால் விரல் மிஞ்ச வாய்ப்பு அதிகம். டீசல் நாசிலைச் சோதிக்கிற நாசில் டெஸ்டரில் டீசல் பீய்ச்சுவதைக் கையால் மறிப்பதும் இதே ஆபத்து, அங்கே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு இருநூறு கிலோவைச் சுற்றி இருக்கும். புள்ளி எவ்வளவு சின்னதாக இருந்தாலும் “கிரீஸ் உள்ளே போயிருக்கிறது” என்று வாயால் சொல்லி, டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொல்.

விரல் துண்டானால் என்ன செய்வது என்பதும் உன் பையன்களுக்குத் தெரிய வேண்டும். துண்டைச் சுத்தமான தண்ணீரில் லேசாக அலசி, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வை. துண்டு ஐஸில் நேராகப் படக் கூடாது, உறைந்தால் ஒட்டாது. 108-ஐக் கூப்பிட்டு முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. அங்கிருந்து அனுப்பினால், சென்னை ஸ்டான்லியில் கைக்கென்றே தனி அறுவைப் பிரிவு இருக்கிறது.

இந்த மூன்று வாரம் நீ வேலை சொல்லு, செய்யாதே. கட்டோடு டிரில்லிங் மெஷின், கிரைண்டர், ஓடுகிற ஃபேன் பெல்ட் பக்கம் போகவே கூடாது, தொங்குகிற ஒரு நூல் போதும் கையை இழுக்க. துணிக் கையுறையும் அப்படித்தான். டீசல் தொட வேண்டி வந்தால் கட்டின் மேல் ரப்பர் கையுறை போட்டு, முடிந்ததும் கழற்றிவிடு. வியர்வை தேங்கினால் தோல் ஊறிப் புண் விரியும். நனைந்த கட்டை அன்றைக்கே மாற்று.

பழைய நகம் சில வாரத்தில் தானே விழும், பிடுங்காதே. துணியில் மாட்டுகிற ஓரத்தை மட்டும் வெட்டிவிடு. புது நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளரும், முழுசாக வர நாலு முதல் ஆறு மாதம். கட்டைப் பிரித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து மடக்கி நிமிர்த்து, ஒரு வேளைக்குப் பத்து தடவை, நாளுக்கு நாலு வேளை. நுனி கூசும், குளிரில் இழுக்கும், சில மாதம் இருக்கும். முதலில் பஞ்சால் தடவு, அடுத்து துண்டால், பிறகு ஒரு பாத்திரம் அரிசிக்குள் விரலை விட்டு அளை. கூச்சம் மெல்லக் குறையும்.

தங்கச்சியிடம் சொல், கையைத் தொங்கவிட்டபடி திண்ணையில் உட்கார விடக் கூடாது. பையனிடம் டம்மி பின் ஒன்று தேய்த்துக் கொடுத்திருக்கிறேன். உன் வண்டிப் பின்னின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் எடுத்து அவனிடமே சொல்லியனுப்பு, அளவு மாறினால் வெள்ளிக்கிழமைக்குள் வேறொன்று தேய்த்துவிடுகிறேன். எக்ஸ்ரேயில் என்ன சொன்னார்கள் என்று இன்று சாயங்காலமே போன் பண்ணு.

அன்புடன்,
உன் மாமன்