எட்டாம் மாதத்தில் எழுதுகிறேன்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மறுபடியும் செய்தித்தாளை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தாளை நீட்டிப் பிடித்து, உதடு அசைய அவர்கள் படிப்பது என் கண்முன் வந்து நின்றது. நான் விசாரித்ததாகச் சொல். மகள் விடுதிக்குப் போனபிறகு வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது என்றும் எழுதியிருக்கிறாய். அதற்கு அவசரமாக ஒரு வரியில் ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை. நேரில் பேசுவோம்.

கடைசிப் பத்தியில் நீ கேட்டிருந்த கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. தம்பிக்கு அடுத்த மாதம் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள், “நீ செய்துகொண்டாயே, உண்மையைச் சொல், இப்போது எப்படி இருக்கிறாய்?” என்று கேட்டிருக்கிறாய். தொலைபேசியில் நீ கேட்டபோதெல்லாம் “நன்றாக இருக்கிறேன்” என்றேன். அது பொய் இல்லை. அறுவை சிகிச்சை முடிந்து இது எட்டாம் மாதம், 118 கிலோவிலிருந்து 82 கிலோவுக்கு வந்திருக்கிறேன். சர்க்கரை மாத்திரையை மருத்துவர் நிறுத்திவிட்டார். முழங்கால் வலி பாதிக்குமேல் போய்விட்டது. இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவதில்லை. ஆனால் இவற்றுக்கு நடுவே நான் பட்ட சோர்வைப் பற்றி உன்னிடம்கூட வாய்திறக்கவில்லை. தம்பிக்காக இப்போது சொல்கிறேன்.

அறுவை சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம். மருத்துவமனைக்குப் போய்விட்டுத் திரும்பினேன். எங்கள் வீடு இரண்டாவது மாடியில் இருப்பது உனக்குத் தெரியும். 118 கிலோவோடு மூச்சிரைக்க மூச்சிரைக்க ஏறிய அதே படிகள். அன்று உடம்பில் 13 கிலோ குறைவு. முதல் திருப்பத்தைத் தாண்டி மூன்றாவது படியில் கால் எழும்பவில்லை. வலி இல்லை, மூச்சிரைப்பும் இல்லை. விளக்கில் எண்ணெய் தீர்ந்ததுபோல இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டுப் பையன் பந்தோடு இறங்கி வந்தான். “யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் அத்தை?” என்று கேட்டான். “என் தோழி வருவாள்” என்று சொன்னேன். அவன் போனபிறகு அழுதேன்.

எடை இறங்கினால் பறக்கலாம் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன். அதனால் அந்தப் படியில் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: உடம்பில் குறை இல்லை, என் மனதில்தான் உறுதி இல்லை. இத்தனை வருடம் “வாயைக் கட்டத் தெரியாதவள்” என்று கேட்டுக் கேட்டுப் பழகியவளுக்கு அப்படித்தானே தோன்றும்? அடுத்த நாள் சோர்வை மறைத்துக்கொண்டு வேலை செய்தேன். அதற்கடுத்த நாளும். நான் செய்த பெரிய தவறு அதுதான். தம்பி அதைச் செய்யக் கூடாது.

எனக்குச் செய்தது இரைப்பையின் பெரும்பகுதியை, ஏறக்குறைய முக்கால் பங்குக்கு மேல், வெட்டி எடுத்துவிடும் முறை. மிச்சம் இருப்பது வாழைப்பழ வடிவில் ஒரு குழாய். அதில் 100 முதல் 150 மில்லி வரைதான் கொள்ளும். முதல் மாதங்களில் ஒரு நாளைக்கு 600, 700 கலோரிக்குமேல் உள்ளே போகவில்லை. அதை வைத்துக்கொண்டு காயமும் ஆற வேண்டும், நானும் நடமாட வேண்டும். உடம்பு கொழுப்பைக் கரைக்கிறது என்றாலும், புரதம் போதவில்லை என்றால் தசையையும் சேர்த்தே கரைத்துவிடுகிறது. தண்ணீர் விஷயம் அதைவிட மோசம். ஒன்றரை லிட்டருக்குக் குறையக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரே மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தவள் நான். இப்போது ஒரு மடக்குதான் இறங்குகிறது, பிறகு காத்திருந்து இன்னொரு மடக்கு. சாப்பாட்டோடு குடிக்கக் கூடாது, சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குக் குடிக்கக் கூடாது. மீதி நேரத்தில் எவ்வளவு குடித்துவிட முடியும்? அந்த வாரத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது ஒரு நாளுக்கு 800 மில்லிகூட வரவில்லை.

இன்னொன்றும் இருந்தது. இரத்த அழுத்தத்துக்குப் பழைய அளவிலேயே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எடை இறங்கினால் அழுத்தமும் இறங்கும், பழைய அளவு அதிகமாகிவிடும். படுக்கையிலிருந்து எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வந்ததற்கு அது ஒரு காரணம். மருத்துவரிடம் சொன்ன அன்றே அளவைப் பாதியாக்கினார். ஐந்து வாரமும் சொல்லாமல் இருந்தது நான்தான். தம்பி அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து சாப்பிடுகிறவன் என்றால், முதல் நாளிலிருந்தே இதைக் கேட்டுக்கொள்ளச் சொல். தானாக நிறுத்தவும் கூடாது, தானாகத் தொடரவும் கூடாது.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு கெட்டியான நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது. வழக்கமான உணவுக்கு வர எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. ஆறாவது வாரம் முதன்முதலாக முட்டை. சிறு கரண்டியில் எடுத்து நான்கு வாய் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அந்த நன்றாக இருந்ததே வினையாயிற்று. ஐந்தாவது வாயை முன்புபோல இரண்டு மூன்று கடியில் விழுங்கிவிட்டேன். நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு கல் வந்து உட்கார்ந்தது. வாயில் எச்சில் ஊறி ஊறி நுரையாக வந்தது, அதை விழுங்கவும் முடியவில்லை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். கடைசியில் நுரையோடு எல்லாம் வெளியே வந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு வாயையும் இருபது இருபத்தைந்து முறை மெல்லுகிறேன், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் மெல்லுகிறேன். போதும் என்று வயிறு சொல்வதும் முன்புபோல இல்லை. எனக்குத் திடீரென்று ஒரு மூக்கொழுகல் வரும், அல்லது தொண்டைக்கடியில் ஒரு அழுத்தம். அதற்குமேல் ஒரு வாய்கூடக் கூடாது. தம்பிக்கு அது விக்கலாக இருக்கலாம், ஏப்பமாக இருக்கலாம். அவனே கண்டுபிடித்துக்கொள்வான்.

எப்போதாவது ஒரு முறை இப்படி வெளியே வந்தால் பரவாயில்லை. ஆனால் நாள்தோறும் வாந்தி என்றால் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. இதை மட்டும் அவனிடம் அழுத்திச் சொல். வாந்தி நிற்காவிட்டால் வைட்டமின் பி1 சில வாரங்களிலேயே வற்றிவிடும், நரம்பும் மூளையும் பாதிக்கப்படும். அந்த நிலையில் இரவா பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எனக்கு மிகவும் விநோதமாக இருந்தது பசி போனதுதான். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகமாகச் சுரப்பது, வெட்டி எடுத்துவிட்ட அந்தப் பகுதியில்தான். விடிந்து பதினொரு மணியானாலும் வயிறு ஒரு வார்த்தை பேசாது. முதலில் அது வரம் போலத் தெரிந்தது. பிறகுதான் புரிந்தது, பசிக்கட்டும் என்று காத்திருந்தால் நாள் முழுக்க ஒன்றும் சாப்பிடாமல் இருந்துவிடுவேன், மாலையில் கை நடுங்கும். இப்போது கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுகிறேன். புரதம் முதலில், பிறகு காய், இடம் இருந்தால்தான் மற்றது. ஒரு நாளைக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். அதை எழுதி வைக்க ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன்.

வயிறு கேட்பதில்லை, ஆனால் நாக்கு கேட்கிறது. இது யாருக்கும் புரிவதில்லை. மனம் சரியில்லாத மாலைகளில் எழுந்து அடுக்களைக்குப் போய் நிற்பேன். எதற்கு வந்தேன் என்று தெரியும். அது இனி எனக்கு உதவாது என்றும் தெரியும். இத்தனை வருடம் என் துக்கத்துக்கெல்லாம் கூட இருந்தது சாப்பாடுதான். அதை இழந்ததற்காக நான் துக்கப்பட்டேன் என்று சொன்னால் நீ என்னைத் தவறாக நினைக்க மாட்டாய். தம்பிக்கும் இது வரும். வரும்போது அவனை யாரும் கடிந்துகொள்ள வேண்டாம். என்னை ஓர் ஆலோசகரிடம் அனுப்பினார்கள். ஆறு முறை போனேன். அறுவை சிகிச்சையைவிட அதுதான் எனக்குப் பெரிய உதவி என்றுகூட சில நாட்களில் நினைக்கிறேன்.

மூன்றாம் மாதம் தண்ணீரும் புரதமும் சரியானபிறகு சோர்வு குறைந்தது. நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. எடை வேகமாகக் குறையும்போது அப்படி ஆகும், மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் நடக்கும், பிறகு முளைத்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. இப்போது நெற்றியோரம் குட்டி முடிகள் நிற்கின்றன. ஆனால் ஐந்தாம் மாதக் கடைசியில் சோர்வு திரும்ப வந்தது. இது வேறு மாதிரி. காலையில் எழும்போதே களைப்பு. படி ஏறினால் நெஞ்சு படபடக்கும். சட்டென்று குளிரும். இம்முறை நான் மறைக்கவில்லை. ஆறாம் மாத இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 9.6 என்று வந்தது. உடம்பு இரும்பைச் சேமித்து வைத்திருக்கும் அளவைக் காட்டும் ஃபெரிட்டினும் அடிமட்டத்தில் இருந்தது.

உணவியல் நிபுணர் என் நோட்டுப் புத்தகத்தை வாங்கி, “மாத்திரையை எப்போது சாப்பிடுகிறீர்கள்?” என்று மட்டும் கேட்டார். காலையில் இரும்பும் கால்சியமும் ஒன்றாக, கையோடு ஒரு கோப்பைத் தேநீர். ஆறு மாதமும் அப்படித்தான். கால்சியம் இரும்பை உடம்பில் சேரவிடாது, தேநீரும் சேரவிடாது. இரண்டு மாத்திரைகளுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஏற்கெனவே இரைப்பை அமிலம் குறைந்துபோனதால் இரும்பு உறிஞ்சப்படுவது கடினம், மாதவிலக்கு நிற்காத என்னைப் போன்ற பெண்களுக்கு இழப்பும் சேர்ந்துகொள்கிறது. மருந்துத் தாளில் எல்லாம் எழுதித்தான் இருந்தது, சின்ன எழுத்தில். யாராவது ஒருவர் எதிரே உட்காரவைத்து வாயால் சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இரண்டு முறை இரத்தக்குழாய் வழியாக இரும்புச் சத்து ஏற்றினார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, இரண்டு கையிலும் பையோடு மாடி ஏறி வந்து கதவைத் திறந்து பையைக் கீழே வைத்தபிறகுதான் நினைவு வந்தது: மூன்றாவது படியில் நான் நிற்கவில்லை.

தம்பிக்குச் செய்யப்போவது பைபாஸ் என்று எழுதியிருக்கிறாய். அதில் இரைப்பையின் மேல்புறத்தில் 30 மில்லி அளவில் ஒரு சிறு பை அமைத்து, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுவார்கள். இரும்பு அதிகமாக உறிஞ்சப்படும் குடல் முற்பகுதியைச் சாப்பாடு தொடாமலே போய்விடும். அதனால் அவனுக்கு மாத்திரைகள் என்னைவிட முக்கியம், ஆயுள் முழுக்க. வைட்டமின் பி12ம் அப்படித்தான். இனிப்பு சாப்பிட்டால் அரை மணிக்குள் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிறு கலக்கிப் படுக்க வைத்துவிடலாம். ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை சடாரென்று இறங்கி நடுக்கம் வருவதும் உண்டு. தலைவலிக்கு, கால்வலிக்கு என்று கடையில் ஐபுபுரூஃபன் வாங்கி விழுங்கக் கூடாது, இணைப்பில் புண் வந்துவிடும். இதையெல்லாம் மருத்துவர் சொல்வார். நீயும் கூடப் போய்க் கேட்டு எழுதிக்கொள். மயக்கம் தெளியாத நிலையில் அவன் காதில் எதுவும் ஏறாது.

வேண்டாம் என்று அவனைத் தடுக்கத்தான் இத்தனையும் எழுதுகிறேனோ என்று நினைக்காதே. எனக்கு மறுபடியும் வாய்ப்பு வந்தால் மறுபடியும் செய்துகொள்வேன். ஆனால் சோர்வு என்று அவன் சொல்லும் நாளில், “எடைதான் குறைந்துவிட்டதே, இன்னும் என்ன?” என்று வீட்டில் யாரும் கேட்டுவிடக் கூடாது. இன்று எவ்வளவு தண்ணீர் குடித்தாய், என்ன சாப்பிட்டாய், கடைசியாக இரத்தப் பரிசோதனை எப்போது செய்தாய் என்று கேளுங்கள். என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் அந்த ஐந்து வாரமும் எனக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

நீ விடுமுறையில் வருவதாக எழுதியிருந்தாய். கட்டாயம் வா. நாம் ஒரே தட்டில் சாப்பிட்ட நாட்கள் எனக்கும் நினைவில் இருக்கின்றன. இப்போது என் பங்கு அரைக் கிண்ணம், அதற்கு அரை மணி நேரம் ஆகும். நீ முடித்துவிட்டு எழுந்துவிடாதே, எதிரிலேயே உட்கார்ந்திரு. என் தட்டைப் பார்க்காமல் மகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிரு. பிறகு இருவரும் கீழே இறங்கி ஒரு சுற்று நடந்துவிட்டு வரலாம். கீழ்வீட்டுப் பையனுக்கு உன்னைக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழி