கோயம்புத்தூர் குடிபோன நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வீடு வசதியாக அமைந்ததும், வீட்டம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததும் சந்தோஷம். ஆனால் எதிர் வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது, லிஃப்டில் பார்த்தால் இரண்டு பேருமே போனைக் குனிந்து பார்க்கிறோம் என்று எழுதியிருந்தாயே, அது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் வேளச்சேரித் தெருவும் நெடுநாள் அப்படித்தான் கிடந்தது.

2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துவிட்டார்கள். ஒரே அடுப்பில் பல குடும்பத்துக்குச் சோறு வெந்தது. இனி எல்லோரும் ஒரே குடும்பம் என்று நினைத்தோம். தண்ணீர் வடிந்தது, நனைந்த மெத்தையைத் தூக்கி எறிந்தோம், வண்டியைப் பழுதுபார்த்தோம், அப்புறம் அவரவர் கதவு பழையபடி சாத்திக்கொண்டது. யாருக்கும் மனசு கெட்டுப்போகவில்லை. சேர்ந்து செய்ய வேலை எதுவும் மிச்சமில்லை, அவ்வளவுதான்.

உனக்கு எக்ஸ்னோரா ஞாபகம் இருக்கும். 1989-இல் எம்.பி. நிர்மல் சென்னையில் தொடங்கிய தன்னார்வ அமைப்பு. தெருக்காரர்களே மூன்று சக்கர வண்டியோடு ஓர் ஆளை அமர்த்தி, வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வசூலித்து, வாசலுக்கு வாசல் குப்பை எடுக்க வைத்தார்கள். வசூலுக்குப் போகிறவர் எல்லா வீட்டுப் படியும் ஏறியாக வேண்டும். யாருக்கு உடம்பு முடியவில்லை, யார் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் தானாகவே தெரிந்துவிடும். பிறகு அந்த வேலை மாநகராட்சியின் கைக்குப் போனது. போக வேண்டியதுதான், குப்பை அள்ளுவது அவர்கள் கடமை. ஆனால் அதோடு நாம் படியேறுவதும் நின்றுபோனது. அந்த இடத்தில் வேறு எதையும் நாம் வைக்கவில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மின்சாரமும் இல்லை, சிக்னலும் இல்லை. தெருவுக்கென்று இருந்த வாட்ஸ்அப் குழுவால் ஒரு பயனும் இல்லாமல் போயிற்று. எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், யாருக்கு இன்சுலின் கெடாமல் இருக்க ஃப்ரிட்ஜ் வேண்டும் என்றெல்லாம் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தெரியவில்லை. முனையில் இஸ்திரி வண்டி போடுகிறவருக்குத்தான் தெரிந்தது. அவர் சொல்லச் சொல்ல, பேச்சிலர்கள் தங்கும் மேன்ஷன்போல் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்த பையன்கள் இடுப்பளவு தண்ணீரில் போய்ப் பார்த்தார்கள். அந்தப் பையன்களுக்குச் சங்கத்தில் உறுப்பினராகக்கூட இடம் கிடையாது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டும்தான் என்று விதி. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. சைவமா அசைவமா, என்ன ஆளுங்க என்று விசாரித்து வீடு கொடுக்கிற தெருவில் உறவு எப்படி வளரும்?

அந்த விதியை மாற்றினோம். எளிதில் நடக்கவில்லை, நிறைய வாக்குவாதம். இப்போது வாடகைதாரர்களும், இஸ்திரிக்காரரும் கூட்டத்துக்கு வருகிறார்கள். வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு நோட்டோடு வீடு வீடாகப் போகிறோம். மாடியேற முடியாதவர் யார், இன்வெர்ட்டர் யாரிடம் இருக்கிறது, அவசரத்துக்கு எந்தப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக்கொள்கிறோம். தனியாக இருப்பவர்கள் விவரம் கண்ட இடத்தில் கிடந்தால் ஆபத்து என்று ஒரு அம்மா சொன்னார். நியாயம்தான். அதனால் நோட்டு இரண்டு வீடுகளில் மட்டும் இருக்கிறது. போனில் படிவம் அனுப்பினால் போதாதா என்று கேட்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. கதவைத் தட்டிப் போய், உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வருவதுதான் முக்கியம்.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் இப்போது வருஷத்துக்கு ஆறு கிராமசபை. அதுபோல நகரங்களிலும் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்ல 2022 நவம்பர் முதல் தேதி பகுதிசபை தொடங்கினார்கள். தனித்தனியாகப் போய்ப் பேசிய காலத்தில் மழைநீர் வடிகால் அடைப்பை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பகுதிசபைக்குத் தெருவாகச் சேர்ந்து போனோம், தூர்வார ஆள் வந்தது.

நீயும் பெரிதாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். உன் மாடியில் இருக்கும் வீடுகளின் கதவை மட்டும் தட்டு. வீட்டம்மாவையும் கூட்டிக்கொண்டு போ, அவர் இருந்தால் பேச்சு தானாக ஓடும். அப்புறம், உங்கள் அடுக்ககத்துச் சங்கத்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இடம் உண்டா? விசாரித்து எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்