ஆட்டோஸ்டார்ட் என்ற பெயரில் இரண்டு கோப்புகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிகளில் எல்எக்ஸ்டிஇ (லினக்ஸுக்கான இலகுவான டெஸ்க்டாப் சூழல்) நிறுவுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் உள்நுழைந்ததும் தானாக ஓட வேண்டிய நிரல்கள் பற்றிய பத்தியை அப்படியே பின்பற்றினால் பேனலும் (திரை ஓரத்துப் பட்டை) இருக்காது, டெஸ்க்டாப் படமும் இருக்காது. 'ஆட்டோஸ்டார்ட் என்று ஒரு கோப்பு உருவாக்கி, கட்டளைகளின் பின்னால் & போடுங்கள்' என்பது ஓப்பன்பாக்ஸ் என்ற சாளர மேலாளரை (சாளரங்களைக் கையாளும் நிரல்) தனியாக ஓட்டுபவர்களுக்குப் பொருந்தும் குறிப்பு. எல்எக்ஸ்டிஇயிலும் அதே பெயரில் ஒரு கோப்பு இருப்பதால் வந்த வினை இது.

ஓப்பன்பாக்ஸின் கோப்பு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல் என்ற நிரலுக்கான வரிகள். அங்கே & விட்டுப்போனால், அந்த நிரலை மூடும்வரை அடுத்த வரி ஓடாது. எல்எக்ஸ்டிஇயின் கோப்பையோ எல்எக்ஸ்செஷன் (எல்எக்ஸ்டிஇ அமர்வைத் தொடங்கும் நிரல்) நேரடியாகப் படிக்கிறது. நடுவில் ஷெல் கிடையாது. அதனால் & குறி நிரலிடமே போய்ச் சேரும். எடிட்டராக இருந்தால் & என்ற பெயரில் ஒரு கோப்பைத் திறக்கப் பார்க்கும். 'ஸ்லீப் 10 && காங்கி' என்று எழுதினால், ஸ்லீப் (குறித்த நேரம் காத்திருக்கும் கட்டளை) அந்த &&ஐயும் நேர அளவாக எண்ணி, பிழை சொல்லி நின்றுவிடும். காங்கி (கணினி நிலவரத்தைத் திரையில் காட்டும் நிரல்) வரவே வராது. வீட்டுக் கோப்புறையைக் குறிக்கும் ~ குறியும் விரியாது. முழுப் பாதை எழுத வேண்டும். தாமதம் தேவையென்றால் ஸ்லீப்பையும் நிரலையும் ஒரு சிறு ஸ்கிரிப்டில் எழுதி, இயக்க அனுமதி கொடுத்து, அதன் பாதையை மட்டும் இங்கே இடுவதே தொந்தரவில்லாத வழி.

வரியின் தொடக்கத்தில் வரும் @ வேறு சங்கதி. நிரல் முறிந்து விழுந்தால் மறுபடி எழுப்பு என்று அதற்குப் பொருள்.

பேனல் ஏன் மறைகிறது? உங்கள் வீட்டுக் கோப்புறையில் .கான்ஃபிக்/எல்எக்ஸ்செஷன்/எல்எக்ஸ்டிஇ என்ற இடத்தில் ஆட்டோஸ்டார்ட் கோப்பு இருந்தால், /எட்சி/எக்ஸ்டிஜி/எல்எக்ஸ்செஷன்/எல்எக்ஸ்டிஇயில் உள்ள பொதுக் கோப்பை எல்எக்ஸ்செஷன் தொடாது. பேனலையும், டெஸ்க்டாப் படத்தை வரைகிற கோப்பு மேலாளரான பிசிமேன்எஃப்எம்மையும் எழுப்பும் வரிகள் அந்தப் பொதுக் கோப்பில்தான் இருக்கின்றன. ஆகவே வெற்றுக் கோப்பில் தொடங்கக் கூடாது. பொதுக் கோப்பை நகலெடுத்து, அதன் அடியில் உங்கள் வரிகளைச் சேருங்கள். ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பதற வேண்டாம். சாளர மேலாளரான ஓப்பன்பாக்ஸ் வேறு கோப்பிலிருந்து தொடங்குவதால் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். கறுப்புத் திரையில் வலது கிளிக் செய்தால் ஓப்பன்பாக்ஸ் மெனு வரும். அதிலிருந்து டெர்மினலைத் திறந்து, கோப்பின் பெயரை மாற்றிவிட்டு மீண்டும் உள்நுழையலாம்.

கட்டுரை தொடாமல் விட்டது /எட்சி/எக்ஸ்டிஜி/ஆட்டோஸ்டார்ட் கோப்புறை. அதில் உள்ள .டெஸ்க்டாப் கோப்புகளையும் எல்எக்ஸ்செஷன் ஓட்டுகிறது. நெட்வொர்க் ஐகானுக்கு அங்கே கோப்பு இருக்க, நீங்களும் ஒரு வரி எழுதினால் ஒரே நிரல் இருமுறை அழைக்கப்படும். வேண்டாததை அங்கிருந்து அழித்தால் எல்லாப் பயனர்களுக்கும் போய்விடும். அதே பெயரில் ஒரு நகலை .கான்ஃபிக்/ஆட்டோஸ்டார்டில் வைத்து, 'ஹிட்டன்=ட்ரூ' என்று ஒரு வரி சேர்த்தால் உங்களுக்கு மட்டும் நிற்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொன்று. ஐபஸ் என்ற தட்டச்சு உள்ளீட்டு நிரலை ஆட்டோஸ்டார்டில் எழுதலாம். அதற்கு வேண்டிய சூழல் மாறிகளை (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்புகள்) 'எக்ஸ்போர்ட்' போட்டு அங்கேயே எழுதினால் பலிக்காது, எக்ஸ்போர்ட் ஷெல்லின் சொந்தக் கட்டளை. டெபியன் லினக்ஸில் அவற்றை வீட்டுக் கோப்புறையில் உள்ள .எக்ஸ்செஷன்ஆர்சி கோப்பில் எழுத வேண்டும். ஐபஸ் ஐகான் தெரிந்தும் சில நிரல்களில் மட்டும் தமிழ் விழவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

இவ்வளவுக்குப் பிறகும் ஏதாவது ஓடவில்லையா? .கேஷ்/எல்எக்ஸ்செஷன்/எல்எக்ஸ்டிஇயில் உள்ள ரன்.லாக் கோப்பைத் திறந்தால் பிழைச் செய்தி இருக்கும். புள்ளியில் தொடங்கும் கோப்புறைகள் கண்ணில் படாது. பிசிமேன்எஃப்எம்மில் கண்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்த வேண்டும்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால், கோப்புப் பாதைகளைத் தனி வரியில் அச்சிடுங்கள். சென்ற முறை ஒரு பாதை வரி இறுதியில் உடைந்து, முன்புள்ளி காணாமல் போயிருந்தது.

– வாசகர், மதுரை