பெரிய ரிம் போட்ட காருக்கு ஸ்பிரிங்: விரல் கணக்கு போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்குகிறது. ஊருக்குப் புறப்படுமுன் காரை ‘இறக்கி’விட வேண்டும், அதாவது குட்டை ஸ்பிரிங் போட்டு உடலைத் தாழ்த்த வேண்டும் என்று செந்தூல், ஜாலான் ஈப்போ வட்டாரப் பட்டறைகளில் நம் பிள்ளைகள் காத்துக்கிடக்கும் நேரம் இது. அந்தக் கார்களில் பாதிக்கு மேல் 15 அங்குல ரிம்மைக் கழற்றி 17 அங்குலம் மாட்டியவை. அங்கே கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: “எத்தனை விரல் வேணும் தம்பி?” டயருக்கும் பெண்டருக்கும் (சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் உடல் தகட்டுக்கும்) நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அழகு என்று ஒரு கணக்கு. ரிம் மாற்றாத காருக்கு இந்தக் கணக்கு ஓரளவு சரிப்படும். பெரிய ரிம் போட்ட காரில் இதை நம்பி ஸ்பிரிங் வாங்கினால் பணமும் போகும், டயரும் போகும்.

முதலில் பார்க்க வேண்டியது டயரின் முழு உயரம். பெரோடுவா மைவி காரில் வரும் 185/55 ஆர்15 டயர் தரையிலிருந்து மேல்விளிம்பு வரை ஏறக்குறைய 584 மி.மீ. அதைக் கழற்றிவிட்டு 205/45 ஆர்17 போட்டால் 616 மி.மீ. ஆகிவிடும். 205/40 ஆர்17 என்றால் 596. 195/40 ஆர்17 என்றால் 588. எல்லாமே 17 அங்குலம்தான், ஆனால் ஒன்றுக்கொன்று 28 மி.மீ. வரை வித்தியாசம். கணக்கு எளிது. 185/55 ஆர்15 என்றால் 185 மி.மீ. அகலம், 55 விகிதம், 15 அங்குல ரிம்: அகலத்தை விகிதத்தால் பெருக்கி நூறால் வகுத்தால் டயரின் பக்கச் சுவர் உயரம் வரும். அதை இரண்டால் பெருக்கி, ரிம்மின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. கைப்பேசி இருந்தால் இதற்கு அரை நிமிடம் போதும்.

அடுத்து, அளவு எடுக்க வேண்டிய இடம். பலர் தரையிலிருந்து பெண்டர் விளிம்பு வரை அளக்கிறார்கள். டயர் மாறினாலே இந்த எண் மாறிவிடும் என்பதால் ஸ்பிரிங் பற்றி இது எதுவும் சொல்லாது. சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே பெண்டர் விளிம்பு வரை அளவுநாடாவைப் பிடியுங்கள். சமதரையில், ஆள் ஏறாமல், நான்கு மூலையிலும் தனித்தனியாக எடுத்து எழுதி வையுங்கள். முன்பக்கம் 365 மி.மீ. வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 205/45 டயரின் பாதி உயரமான 308ஐக் கழித்தால் மிஞ்சும் இடைவெளி 57 மி.மீ. இதில் 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங் போட்டால் 27 மி.மீ.தான் இருக்கும், இரண்டு விரல்கூட நுழையாது. அதே காரில் 195/40 டயர் என்றால் 71இல் தொடங்கி 41இல் நிற்கும். பெட்டியில் இருப்பது ஒரே ஸ்பிரிங், காரில் கிடைப்பது இரண்டு வேறு விளைவுகள்.

தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் உள்ள கதை வேறு. 205/45 டயர் காரையே 16 மி.மீ. தூக்கிவிடுவதால், 30 மி.மீ. ஸ்பிரிங் போட்ட பிறகும் பம்பரின் அடி 14 மி.மீ. மட்டுமே தாழும். 195/40 போட்டவருக்கு 28 மி.மீ. முழுசாகத் தாழும். அடுக்குமாடி கார் நிறுத்துமிடத்தின் சரிவிலும் தாமான் (குடியிருப்புப் பகுதி) வேகத்தடையிலும் முதலில் உரசுவது இவருடைய கார். முன்னவருக்கு உரசுவது டயர். தன் காருக்கு இரண்டில் எது நடக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எத்தனை மி.மீ. இறக்குவது என்ற கேள்விக்கே பொருள் வரும். 205/45 டயரைக் கழற்ற மனமில்லாதவர் 20 மி.மீ.க்கு மேல் இறக்காமல் இருப்பதே நல்லது. அந்த டயரில் வேகமானியும் பொய் சொல்லும்: அசல் டயரில் சரியாகக் காட்டிய முள் இப்போது 110 காட்டும்போது கார் உண்மையில் 116ஐ ஒட்டி ஓடும்.

ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும் அடுத்த சிக்கல். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது காரில் பொருந்தும் முகம் வரை உள்ள மி.மீ. தூரமே ஆஃப்செட்; அது குறைந்தால் ரிம் வெளியே வரும். 6 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மை எடுத்துவிட்டு, 7.5 அங்குலமும் 35 ஆஃப்செட்டும் உள்ளதைப் போட்டால் ரிம்மின் வெளிமுகம் 29 மி.மீ. வெளியே வருகிறது. உள்முகமும் 9 மி.மீ. அப்சார்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) பக்கம் நெருங்குகிறது. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் டயர், பள்ளத்தில் சக்கரம் மேலே ஏறும்போது பெண்டருக்கு உள்ளே போகாமல் அதன் விளிம்பில் போய் இடிக்கும். அப்போது எந்த ஸ்பிரிங்கும் காப்பாற்றாது. 7 அங்குலம், 40 முதல் 45 ஆஃப்செட் என்ற அளவில் ரிம் தேடினால் பாதித் தொல்லை தொடக்கத்திலேயே தீரும். பெண்டர் விளிம்பை உருட்டி மடக்கிவிடலாம் என்று சில கடைகளில் சொல்வார்கள். பெயிண்டைச் சூடாக்காமல் மடக்கினால் அது நுண்ணிய கோடுகளாக வெடிக்கும். பினாங்கு பத்து பெரிங்கி மாதிரிக் கடற்கரை ஓரத்தில் கார் நிறுத்துபவர்களுக்கு அந்தக் கோட்டிலிருந்து துருப்பிடிக்கத் தொடங்கும். மடக்கத்தான் வேண்டுமென்றால், மடக்கிய உள்விளிம்பில் அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள்.

இனி ஸ்பிரிங். பெட்டியில் “30 மி.மீ. இறங்கும்” என்று மட்டும் அச்சிட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். எவ்வளவு கெட்டி என்ற எண்ணும் இருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்பதே அந்த எண். தாழ்ந்த ஸ்பிரிங் ஏன் கெட்டியாக இருக்க வேண்டும்? காரில் சக்கரம் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் முட்டும் முன் 65 மி.மீ. மேலேறும் என்றால், 30 மி.மீ. இறக்கியதும் மிச்சம் 35 மி.மீ. ஸ்பிரிங் பழைய மென்மையிலேயே இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் பம்ப் ஸ்டாப்பில் ‘டொக்’கென்று உட்காரும். 30 மி.மீ. இறக்கத்துக்கு அசலைவிட 20 முதல் 30 விழுக்காடு கெட்டி என்பது குடும்பக் காருக்குப் பொருத்தமான அளவு.

தீபாவளிப் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். பின்சீட்டில் ஆட்கள், பூட்டில் (பின்புற டிக்கியில்) பலகாரத் தகரங்களும் பெட்டிகளும் சேர்ந்து பின் அச்சில் கூடுதலாக 150 கிலோ. பக்கத்துக்கு 75. அசல் பின் ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 2.5 கிலோ என்றால் பின்புறம் 30 மி.மீ. அமுங்கும். 30 விழுக்காடு கெட்டியான ஸ்பிரிங் 23 மி.மீ. அமுங்கும். ஆனால் அது ஏற்கெனவே 30 இறங்கி நிற்கிறது, மொத்தம் 53. கார் கடையில் காலியாக நின்றபோது அழகாகத் தெரிந்த இடைவெளி இப்போது இல்லை. காராக் நெடுஞ்சாலையிலோ பினாங்குப் பாலத்தின் இணைப்புகளிலோ ஒரு குலுக்கல் வந்தால் டயரின் தோள் பெண்டர் உள்பக்கத்தை வழித்தெடுக்கும். அதனால்தான் பின்பக்க அளவை ஆட்களை ஏற்றிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். முன்பக்கம் 30 இறக்கினால் பின்பக்கம் 20 போதும்.

ஸ்பிரிங்கை வெட்டித் தருவதாகச் சொல்லும் கடைகள் இன்னும் இருக்கின்றன. வெட்டினால் கெட்டியாகும் என்பது உண்மை: வேலை செய்யும் ஆறு சுற்றில் ஒன்றை வெட்டினால் 20 விழுக்காடு கூடும். ஆபத்து வேறிடத்தில். வெட்டிய முனை அடித்தட்டில் சரியாக உட்காராது. காரைத் தூக்கியதும் ஸ்பிரிங் தளர்ந்து ஆடும். ஒரு பள்ளத்தில் சக்கரம் தொங்கி மறுபடி ஏறும்போது இடம் மாறி உட்காரும். காஸ் விளக்கால் சூடேற்றி இறக்குவது அதைவிட மோசம். எஃகின் உறுதியே போய்விடும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறங்காது, ஒரு நாள் முறியும். கம்பி 12 மி.மீ.க்குப் பதில் 13 மி.மீ. ஆனாலே, மற்ற அளவுகள் மாறாதபோது, 38 விழுக்காடு கெட்டியாகிவிடும். இவ்வளவு நுட்பமான பொருளை ஆலையில் கணக்குப் போட்டுத்தான் செய்ய முடியும்.

காரின் தலைமுறையையும் பாருங்கள். 2005இல் வந்த முதல் மைவி ஜப்பானின் டைஹட்சு பூன் காரின் உடன்பிறப்பு. 2017இல் வந்த மூன்றாம் தலைமுறை மைவி வேறு கார். ‘மைவிக்குப் பொருந்தும்’ என்ற ஒரு வரியை நம்பாமல் சேசி குறியீட்டை (காரின் தலைமுறையைக் காட்டும் எண்ணை)க் கேட்டு வாங்க வேண்டும்.

அப்சார்பர் 80,000 கிலோமீட்டர் ஓடியிருந்தால் ஸ்பிரிங்கோடு அதையும் மாற்றுங்கள். 17 அங்குல ரிம்மும் டயரும் கனம் கூடியவை. அந்தக் கனத்தையும் கெட்டி ஸ்பிரிங்கையும் தளர்ந்த அப்சார்பரால் அடக்க முடியாது, கார் குதித்துக்கொண்டே போகும். பம்ப் ஸ்டாப்பைக் குட்டையாக்கச் சொன்னால், ஸ்பிரிங் தயாரிப்பாளர் கொடுத்த அளவுக்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் வெட்ட விடாதீர்கள். பெரிய டயரை பெண்டருக்குள் போகாமல் கடைசியில் தடுத்து நிறுத்துவது அந்த ரப்பர்தான்.

பொருத்தும் அன்று கடையில் நின்று ஒன்றைச் செய்யச் சொல்லுங்கள். புது ஸ்பிரிங் மாட்டும் முன், ஸ்பிரிங் இல்லாமல் அப்சார்பரை மட்டும் பொருத்தி, ரிம்மோடு சக்கரத்தை ஜாக்கால் மெதுவாக மேலே தூக்கி பம்ப் ஸ்டாப்பை முட்டவையுங்கள். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் முழுசாகத் திருப்பினால், டயர் எங்கே உரசும் என்பது கண்ணுக்கு நேரே தெரியும்: உள் மட்கார்டா, பெண்டர் விளிம்பா, ஏபிஎஸ் ஒயரா என்று. மைவி, சாகா, சிட்டி போன்ற கார்களின் பின்பக்கம் ஸ்பிரிங்கும் அப்சார்பரும் தனித்தனி என்பதால் அங்கே இந்தச் சோதனை இன்னும் சுலபம். மாட்டி முடித்த பிறகு காரைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங்கைக் கையால் திருகிப் பாருங்கள். திரும்பினால் அந்த ஸ்பிரிங் உங்கள் அப்சார்பருக்கு ஏற்றதில்லை.

இன்னொன்று, பல பட்டறைகளில் அவசரத்தில் விட்டுப்போவது. சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் புஷ் (ரப்பர் உறை) போல்ட்டுகளைக் கார் தொங்கும்போதே இறுக்கிவிடுகிறார்கள். கார் தரைக்கு வந்ததும் அந்த ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சில மாதங்களில் கிழியும். சக்கரத்தில் காரின் பாரம் இறங்கிய பிறகே இறுதி இறுக்கம். மேல் மவுண்ட் பேரிங் சத்தம் போட்டால் அப்போதே மாற்றிவிடுங்கள், பிறகு மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டிவரும்.

ஸ்பிரிங் 500 கிலோமீட்டர் ஓடி அமர்ந்தபின் அலைன்மென்ட். அதுவரை டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) கண்டபடி விலகியிருந்தால் டயரின் உள்விளிம்பு கரைந்துவிடும் என்பதால், பொருத்திய அன்றே டோவை மட்டும் தற்காலிகமாகச் சரிசெய்வது உத்தமம். முன்பக்க கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பகுதியின் சாய்வு, அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை கூடுதலாக உட்பக்கம் சாய்வது இயல்பு. கேம்பர் போல்ட்டால் அதைக் குறைக்கலாம். இரு பின் சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் டார்ஷன் பீம் பின் அச்சில் திருகிச் சரிசெய்ய எதுவும் இல்லை. ஹெட்லைட் ஒளியின் உயரத்தையும் அதே நாளில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

டயர் பெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் சம்மன் (அபராதச் சீட்டு) வரும். காரைக் கைமாற்றும்போது புஸ்பகோம் என்ற வாகனச் சோதனை நிறுவனத்தின் சோதனையிலும் தொல்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கு ரிம், ஸ்பிரிங் இரண்டையும் மாற்றியதை எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை வைத்திருங்கள். அசல் ஸ்பிரிங் நான்கையும் கடையிலேயே விட்டுவிடாமல், எந்த மூலைக்கு உரியது என்று சாயத்தால் குறித்து வீட்டுக்கு எடுத்துப்போங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பட்டறைத் துறை வாசகர்,
செந்தூல், கோலாலம்பூர்